சம்பந்தி வீட்டுக்கு ஒரு தென்ஜின்

மார்ச் மாதக் கடைசியில், பனி உருகி வயல்களில் தண்ணீராகத் தேங்கிக் கிடந்த ஒரு காலையில், யபுதாவின் மகள் மிசாதோவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் இரண்டு வீட்டாரும் மாறி மாறிக் குனிந்து வணங்கிக்கொண்டார்கள். யபுதாவுக்குச் சந்தோஷம்தான். வீடு திரும்பும் வழியில்தான் அவருக்கு அந்தக் கவலை வந்தது.

"தென்ஜின்," என்றார் மனைவி தோகியேயிடம்.

"நானும் அதைத்தான் நெனச்சிட்டு வரேன்," என்றாள் அவள்.

அந்தப் பக்கத்தில் ஒரு வீட்டில் தலைப்பேரன் பிறந்தால், தாய்வீட்டார் கல்விக்கடவுளான தென்ஜினைச் சீராகக் கொண்டுபோய் வைக்க வேண்டும். வருஷாவருஷம் டிசம்பர் இருபத்தைந்தாம் தேதி அவரை மாடத்தில் ஏற்றினால் ஒரு மாதம் வைத்துக் கும்பிட்டுவிட்டு இறக்குவார்கள். பையன் படித்து ஆளாகிற வரைக்கும், ஏன், கிழவனாகிற வரைக்கும் அந்தத் தென்ஜின் அவனுடையது. மற்ற ஊர்களில் படம் எழுதிய சுருளைத் தொங்கவிட்டாலே போதும். இனாமியில் மட்டும் மரத்தில் செதுக்கியதுதான் வைப்பார்கள். அது செதுக்குக்காரர்களின் ஊர். கோயிலுக்குப் போகிற தெருவில் நடந்தால் இரண்டு பக்கமும் உளியைத் தட்டும் கொட்டாப்புளிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும்.

அதனால் ஒன்றும் குறைவில்லை, நல்லதாக ஒன்று வாங்கிவிடலாம். ஆனால் மிசாதோ வாழ்க்கைப்பட்டதே அந்த ஊரில் ஒரு செதுக்குக்காரர் வீட்டில். மாமனார் இவாகுரா நாற்பது வருஷமாகத் தென்ஜின் செதுக்குகிறவர். அவர் கையால் செய்த தென்ஜின் இல்லாத தெரு அந்தச் சமவெளியிலேயே குறைவு.

"அவர்கிட்டயே ஒண்ணு வாங்கிட்டா?" என்றாள் தோகியே, அன்று சாப்பிடும்போது.

"அவர் கடையில வாங்கி அவர் வீட்டுக்கே சீர் கொண்டுபோறதா? சிரிப்பாங்க."

"எதிர்க் கடையில?"

"அடியில செஞ்சவர் பேரு வெட்டியிருக்கும். எதிர்க் கடைக்காரர் பேர மாடத்துல வச்சுக்கிட்டு அவர் தினம் சோறு திங்கணுமா?"

"தகாஒகா போயி வெண்கலத்துல வாங்குங்க."

"மரத்துல பொழைக்கிறவர் வீட்டுக்கு வெண்கலமா?"

தோகியே கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "அப்ப நீங்களே உக்காந்து செதுக்குங்க."

எரிச்சலில் சொன்னது. ஆனால் யபுதா மூன்று நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தார். முப்பத்தெட்டு வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். கையில் எப்போதாவது சுத்தியல் பிடித்ததுண்டு, அவ்வளவுதான். இருந்தாலும் தாத்தா தன் கையால் செய்தது என்றால் யார் குறை சொல்ல முடியும்? யாருக்கும் அவமானமில்லை, யார் தயவும் தேவையில்லை. அந்த இரண்டாவது காரணம்தான் அவருக்கு அதிகம் பிடித்திருந்தது.

இனாமியில் செதுக்கு வகுப்பில் சேர்ந்தால் சாயங்காலத்துக்குள் சம்பந்தி காதுக்குப் போய்விடும். அதனால் பக்கத்து ஊரான தொனாமியின் சமூகக்கூடத்தில் சனிக்கிழமைக் காலைகளில் நடக்கும் வகுப்பில் சேர்ந்தார். சொல்லிக்கொடுத்தவள் ஹிரோனோ, முப்பத்துநாலு வயது. சின்ன உருவம், பெரிய குரல். அறுபத்தாறு வயது யபுதாவை முதல் நாளே தீட்டுக்கல்லின் முன்னால் மண்டியிட வைத்தாள்.

"ரெண்டு மாசத்துக்கு மரத்தத் தொட விட மாட்டேன், யபுதா சார். மொதல்ல உளி தீட்டக் கத்துக்குங்க."

"எனக்கு டிசம்பருக்குள்ள முடியணும், டீச்சர்."

"மழுங்கின உளி மரத்தை வெட்டாது, நசுக்கும். நசுங்கின தென்ஜினையா பேரனுக்குக் குடுப்பீங்க?"

பதினோரு உளிகள் வாங்கினார். பிடி வழுக்காமல் இருக்க, பஸ் பணிமனையிலிருந்து எப்போதோ கொண்டுவந்த மஞ்சள் டேப்பை ஒவ்வொன்றிலும் சுற்றினார். பயணிகள் பிடித்துக்கொள்ளும் கம்பிகளில் சுற்றும் அதே டேப்.

தீட்டுவது அவருக்கு வரவே இல்லை. கல்லின் மேல் உளி ஒரே சாய்வில் போய் வர வேண்டும். அவர் கை ஒவ்வொரு இழுப்பிலும் கொஞ்சம் ஆடியது. முனை உருண்டு போனது. பக்கத்தில் உட்கார்ந்து மரத்தட்டில் பூ செதுக்கிக்கொண்டிருந்த துலிப் தோட்டக்காரர் கிதாமுரா ஓரக்கண்ணால் பார்ப்பார்.

"அண்ணே, அது ஸ்டீயரிங் இல்ல. வளைவுல திருப்பாதீங்க."

"உன் துலிப்பப் பாரு. முட்டைக்கோஸ் மாதிரி இருக்கு."

ஜூனில் ஹிரோனோ ஒரு சாண் உயரக் கற்பூர மரக்கட்டையைக் கொடுத்தாள். உட்கார்ந்த கோலம், தலையில் அரசவைத் தொப்பி, இரண்டு பக்கமும் இறக்கை போல் விரிந்த சட்டைக்கை. கோடு போட்டுக்கொடுத்துவிட்டு, "இனிமே நான் ஒரு வெட்டு கூட வெட்ட மாட்டேன்," என்றாள். அதைக் கேட்க யபுதாவுக்குத் திருப்தியாக இருந்தது.

ஆனால் ஜூலை முழுக்கப் பட்ட பாடு கொஞ்சமல்ல. சட்டைக்கையின் மடிப்பில், மரத்தின் ரேகைக்குக் குறுக்கே வெட்டும் இடங்களில், மரம் பொடிப்பொடியாக நொறுங்கியது. அவர் பயந்து பயந்து கொஞ்சமாக எடுத்தார். அப்போதும் நொறுங்கியது. ஒரு நாள் கட்டையைத் துணியில் சுற்றி வைத்துவிட்டு, அடுத்த வாரம் வருவதில்லை என்று முடிவுகட்டிக்கொண்டு எழுந்தார்.

"உளிய இங்கயே வச்சிட்டுப் போங்க சார்," என்றாள் ஹிரோனோ. "மழைக்காலம், வீட்டுல துருப்பிடிக்கும்."

அடுத்த சனிக்கிழமை மனசு கேட்காமல் வந்தார். உளியை எடுத்து மடிப்பில் வைத்தார். மரம் மெழுகு போல் வழிவிட்டது. சீவல் சுருண்டு மடியில் விழுந்தது, வெட்டின இடம் ஈரம் பட்டதுபோல் மின்னியது. யபுதா உளியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"டீச்சர், போன வாரம் நான் தீட்டினது சரியா வந்திருக்கு போல."

ஹிரோனோ கிதாமுராவின் தட்டை மிகவும் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். "வந்திருக்கும்," என்றாள்.

அதிலிருந்து வாராவாரம் அப்படித்தான். அவர் வகுப்பு முடியும்போது கால்மணி நேரம் கல்லில் இழுத்துவிட்டு உளிகளை அங்கேயே வைத்துவிட்டுப் போவார், மறுவாரம் அவை முடி சிரைக்கும் கத்தி போல் இருக்கும். அவர் கிதாமுராவுக்கே தீட்டும் முறை பற்றி அறிவுரை சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

வீட்டில் மட்டும் ரகசியம் காப்பது சிரமமாக இருந்தது. குழந்தை கோஹேயைத் தூக்கிக்கொண்டு வந்த மிசாதோ, அப்பாவின் தோளில் முகம் வைத்துவிட்டு, "அப்பா மேல என்ன கற்பூர வாசனை? எங்க மாமனார் மாதிரியே மணக்குறீங்க," என்றாள்.

"அந்துருண்டை," என்றாள் தோகியே உடனே. "அலமாரி பூரா பூச்சி."

நவம்பரில் முகம் செதுக்கினார். மூன்று சனிக்கிழமைகள் ஆயின. தென்ஜினுக்கு வழக்கமாக இருக்கும் கண்டிப்பு அந்த முகத்தில் வரவில்லை. புருவம் கொஞ்சம் உயர்ந்து, எதையோ எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பது போல் இருந்தது. பரவாயில்லை. கோணலாக இல்லை, உடையவும் இல்லை. யபுதா அதை இரண்டு கையிலும் ஏந்தி வீட்டுக்குக் கொண்டுபோனார். அடியில் பேரும் வருஷமும் வெட்டுவது மட்டும் பாக்கி. அதை அடுத்த வாரம் வெட்டலாம் என்று உளிகளை வழக்கம்போல் கூடத்திலேயே விட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, காயவைத்த சீமைப்பனிச்சைப் பழச் சரம் ஒன்றை எடுத்துக்கொண்டு மகள் வீட்டுக்குப் போனார். இவாகுரா கோயிலுக்குப் போயிருந்தார். குழந்தை விடாமல் அழுதுகொண்டிருந்தது.

"மரவாசனை பட்டா அடங்கிடுவான்பா. பட்டறைப் பக்கம் கொஞ்சம் தூக்கிட்டுப் போங்க," என்றாள் மிசாதோ.

தெருவைப் பார்த்த முன்னறைதான் பட்டறை. யபுதா பேரனைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனார். சுவர் முழுக்க நூற்றுக்கணக்கான உளிகள் வரிசையாக நின்றன. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் தீட்டுக்கல், அதன் மேல் ஒரு உளி. கல் இன்னும் ஈரமாக இருந்தது. கீழே விரித்த துணியில் பத்து உளிகள். பதினொன்றிலும் மஞ்சள் டேப்.

குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு மஞ்சளைப் பார்த்துக் கையை நீட்டியது. யபுதா அதை அணைத்துக்கொண்டு அப்படியே பின்னால் நகர்ந்து வெளியே வந்துவிட்டார். பழச்சரத்தைக் கொடுத்தார், தேநீர் வேண்டாம் என்றார், பஸ் ஏறிவிட்டார். பழைய சகா ஓட்டிவந்த பஸ்தான். அவன் கூப்பிட்டது கூட அவர் காதில் விழவில்லை.

அன்றைக்கே ஹிரோனோவின் வீட்டைத் தேடிப் போனார். அவள் வாசலில் பனிக்காலத்துக்காகப் பூச்செடிகளைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் கயிற்றைக் கீழே போட்டாள்.

"பாத்துட்டீங்களா?"

"எத்தனை நாளா, டீச்சர்?"

"ஜூலைலேர்ந்து." அவள் தலைகுனிந்து நின்றாள். "இவாகுரா ஐயாகிட்ட ஆறு வருஷம் அவங்க வீட்டுலயே தங்கி வேலை கத்துக்கிட்டவ நான். உங்க பொண்ணு கல்யாணம் ஆகி வர்றதுக்கு முன்னாடி. அன்னிக்கு உங்க உளியச் சரிபண்ண ஒரு நல்ல கல்லு வேணும்னுதான் அங்க எடுத்துட்டுப் போனேன். யாரோடதுன்னு கேட்டார். ஒரு மாணவரோடதுன்னேன். ரெண்டாவது தடவையும் கேட்டார், அதையே சொன்னேன். அவர் அந்த டேப்பத் தொட்டுப் பாத்துட்டு, 'இதை நான் இருபது வருஷம் பஸ்ல பிடிச்சுக்கிட்டு நின்னிருக்கேன்'னார்."

யபுதா கீழே கிடந்த கயிற்றை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"இனிமே சனிக்கிழமை தவறாம கொண்டு வான்னார். அவ்வளவுதான் சார். சிலையப் பத்தி ஒரு வார்த்த கேக்கல. ஒரு தடவை நானே போட்டோ காட்டப் போனேன். திரும்பி உக்காந்துட்டார். 'அது வீட்டுக்கு வர்றப்பதான் நான் பாக்கணும்'னார்."

வீட்டுக்கு வந்ததும் யபுதா தென்ஜினை அலமாரிக்குள் வைத்து மூடினார்.

"இது வேணாம். ஒரு சுருள் வாங்கிக் குடுத்துடலாம்," என்றார்.

தோகியே நடந்ததை முழுக்கக் கேட்டாள். பிறகு, "அவர் அதுல கை வச்சாரா?" என்றாள்.

"வைக்கல. ஆனா நான் நல்லாத் தீட்டுறேன்னு ஊருக்கே சொல்லிட்டுத் திரிஞ்சேன். கிதாமுராவுக்குப் பாடம் நடத்தினேன். உள்ள சிரிச்சிருப்பாங்க. கூர் அவரோடது, தோகியே. கூர் இல்லாம நான் என்னத்த வெட்டினேன்? என் கையால செஞ்சதுன்னு எந்த வாயால சொல்றது?"

அவள் ஊறவைத்த முள்ளங்கியை நறுக்கி முடித்துவிட்டுத்தான் பேசினாள்.

"முப்பத்தெட்டு வருஷம் பஸ் ஓட்டினீங்க. ஜனவரில விடியறதுக்கு முன்னாடி ரோட்டுல பனியத் தள்ளினது யாரு?"

"அது ரோட்டு இலாகா ஆளுங்க."

"அவங்க தள்ளலைன்னா உங்க பஸ் ஒரு முழம் போயிருக்குமா? ஒரு நாளாவது சாயங்காலம் வந்து, 'இன்னிக்கு நான் ஓட்டல'ன்னு சொல்லியிருக்கீங்களா?"

யபுதாவுக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை.

மறுநாள் காலையில் வழக்கம்போல் அமிதா புத்தரின் மாடத்தின் முன்னால் உட்கார்ந்து விளக்கேற்றி, "நமு அமிதா புத்சு" என்றார். சின்ன வயதிலிருந்து சொல்லிவருவது. நம் பலத்தால் எதுவும் ஆவதில்லை, அவர் பலத்தால்தான் பிழைத்துக் கிடக்கிறோம் என்பதுதான் அதன் பொருள் என்று கோயிலில் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறார். தலையாட்டியும் இருக்கிறார். அன்றைக்கு அந்தப் பேரைச் சொல்லும்போது பாதியில் நிறுத்திவிட்டார். யார் தயவும் வேண்டாம் என்றுதானே இந்தக் கட்டையையே கையில் எடுத்தோம் என்று தோன்றியது. தினமும் காலையில் இங்கே ஒன்றைச் சொல்லிவிட்டு, எழுந்துபோய் நாள் முழுக்க வேறொன்றைச் செய்துகொண்டிருந்திருக்கிறோம். விளக்குச் சுடர் கொஞ்சம் ஆடி நின்றது. அவர் மறுபடியும் முதலிலிருந்து நிதானமாகச் சொன்னார். சொல்லி முடித்ததும் அலமாரியைத் திறந்து தென்ஜினை வெளியே எடுத்து வைத்தார்.

டிசம்பர் மூன்றாம் வாரத்தில் ஒரு நல்ல நாள் பார்த்து இருவரும் புறப்பட்டார்கள். தோகியே முழு புரி மீன் ஒன்றை வைக்கோலில் சுற்றிக் கட்டியிருந்தாள். குளிர்காலத்தில் மகள் வீட்டுக்குப் போகிற மீன் அது. யபுதாவின் மடியில் மரப்பெட்டி. வெளியே அவ்வருஷத்தின் முதல் பனி விழுந்துகொண்டிருந்தது.

பாய் விரித்த பெரிய அறையில் இவாகுரா துணிப் பெட்டியில் வைத்திருந்த நல்ல உடையை உடுத்தி உட்கார்ந்திருந்தார். மீனை வாங்கிக்கொண்டு பெண்கள் சமையலறைக்குப் போனார்கள். குழந்தை பாயில் குப்புறப் படுத்து நீந்திக்கொண்டிருந்தது. யபுதா பெட்டியைத் திறந்து, தென்ஜினை எடுத்து சம்பந்தியின் முன்னால் வைத்தார்.

"கோஹேவுக்கு," என்றார். "குறை இருக்கும். பொறுத்துக்கணும்."

இவாகுரா கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். வெகுநேரம் தொடாமல் பார்த்தார். தலையைச் சாய்த்து இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார்.

"சட்டைக்கை தடிமனா இருக்கு," என்றார். "பயந்து வெட்டியிருக்கீங்க."

"ஆமா."

"வலது காது ஒரு நூல் மேல."

"ஆமா."

"முகம்..." இவாகுராவின் உதடு துடித்தது. "பஸ்ஸுக்குக் காத்திருக்கிற மாதிரி இருக்கார்."

யபுதாவுக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது. "லேட்டு பண்ண மாட்டேன்னு சொல்லுங்க," என்றார். இருவரும் சிரித்து முடித்தபோது யபுதாவுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்வது சுலபமாகிவிட்டது.

"சம்பந்தி, உளி தீட்டினது நீங்கன்னு தெரிஞ்சுபோச்சு. பட்டறைல பாத்தேன். எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. மொதல்ல கோவம்தான் வந்துச்சு. அதுக்கும் மன்னிக்கணும்."

இவாகுராவின் காதுகள் சிவந்தன. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நன்றி நீங்க சொல்லக் கூடாது," என்றார் கடைசியில். "நாற்பது வருஷமா ஊர்ல பொறந்த பிள்ளைக்கெல்லாம் தென்ஜின் செஞ்சு குடுத்திருக்கேன். எத்தனைன்னு கணக்கு வச்சுக்கல. என் பேரன் பொறந்தப்பதான் உறைச்சுது. அவனுக்கு மட்டும் நான் செய்யக் கூடாது. அது தாய்வீட்டோட பாத்தியம். முறைய மீற முடியுமா? மார்ச்லேர்ந்து ஜூலை வரைக்கும் யாரோ ஒருத்தர் பிள்ளைக்கு முகம் செதுக்கும்போதெல்லாம் கை கனமா இருக்கும். அப்பத்தான் அந்தப் பொண்ணு மஞ்சள் டேப்போட வந்து நின்னா." அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "உளியத் தீட்டுறதுக்கு முறையில தடை ஒண்ணும் சொல்லலையே. அவ்வளவாவது என் கை போகட்டும்னு பாத்தேன். உங்களுக்குத் தெரியாம செஞ்சது தப்புதான்."

சமையலறையிலிருந்து மீனை வெட்டும் சத்தமும் பெண்களின் பேச்சும் வந்துகொண்டிருந்தன. யபுதா குழந்தையைப் பார்த்தார். தான் சீர் கொண்டுவருகிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்த வீட்டில் ஒருவர் இத்தனை மாதம் வாசலிலேயே நின்று காத்திருந்திருக்கிறார்.

இவாகுரா தென்ஜினை முதல்முறையாகக் கையில் எடுத்து, பழக்கத்தில் கவிழ்த்து அடிப்பாகத்தைப் பார்த்தார். வெறுமையாக இருந்தது.

"பேரு வெட்டலையே."

"யார் பேர வெட்டுறதுன்னு தெரியல," என்றார் யபுதா. "அதான் விட்டுட்டேன்."

இவாகுரா எழுந்து பட்டறைக்குப் போய், மெல்லிய உளி ஒன்றும் சின்னக் கொட்டாப்புளியும் எடுத்துக்கொண்டு வந்தார். உளியில் மஞ்சள் டேப் சுற்றியிருந்தது.

"பேரு வேணாம். கோஹே பொறந்த வருஷத்த வெட்டுங்க, போதும்."

"இப்பவா? கட்டை ஆடிடும்."

"ஆடாது. நான் பிடிச்சுக்கறேன்."

அவர் ஒரு துணியை மடித்து மடியில் போட்டு, தென்ஜினைத் தலைகீழாக வைத்து இரண்டு கையாலும் இறுகப் பற்றிக்கொண்டார். யபுதா முட்டிக்கு முட்டி இடிக்க எதிரே உட்கார்ந்தார். உளியை வைத்தார். கொட்டாப்புளி இரண்டு தட்டுத் தட்டியது. கற்பூர வாசனை எழுந்தது. குழந்தை நீந்துவதை நிறுத்திவிட்டு, சத்தம் வந்த பக்கம் தலையைத் தூக்கியது.

"அவசரப்படாதீங்க," என்றார் இவாகுரா, கண்ணை எடுக்காமல். "இப்படியே சாயங்காலம் வரைக்கும் வேணாலும் பிடிச்சுக்கிட்டு இருப்பேன்."

திரும்பும்போது மிசாதோ, முறைப்படி, மீனில் பாதியைக் காகிதத்தில் சுற்றி அம்மாவிடம் கொடுத்தாள். முழுதாக வந்த மீனில் பாதி பிறந்த வீட்டுக்குத் திரும்பிப் போக வேண்டும். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டிருந்த தோகியே, பக்கத்திலிருந்த கணவரின் சட்டையை முகர்ந்து பார்த்தாள்.

"அந்துருண்டை," என்றாள்.

யபுதா மஞ்சள் டேப் சுற்றிய கம்பியைப் பிடித்துக்கொண்டு, முன்னால் பனி தள்ளிவைத்த சாலையைப் பார்த்துக்கொண்டு வந்தார்.